ஆனந்தரங்கப் பிள்ளை சரித்திரமும் அவர்தம் சுவடிகளின் சரித்திரமும்

உலகிற் பிறந்து பெரும்புகழ் படைத்தோரை ஆராயுமிடத்து அவர்கள் இருதிறத்தினர் ஆவர். தாம் செய்த செயலால் நினைக்கப்படுவோர் ஒருதிறத்தார். தாம் எழுதி வைத்த எழுத்தால் நினைக்கப்படுவோர் மற்றொரு திறத்தார். புதுச்சேரிப் பட்டணத்துப் பெருந்துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை தம் காலத்தில் முதல் வகுப்பைச் சேர்ந்தவராகவே மதிக்கப்பட்டார். கவர்னர்களின் சபையில் ஆசனமும், நவாபுகளின் பரிசுகளும், புலவர்களின் பாமாலைகளும் அவருக்கு உரியனவாயிருந்தன. ஆயின் அந்தப் பதவியும் அந்த ஐசுவரியமும் அவரோடு கழிந்தன. அவர் எவர்க்குங் காட்டாது நாள்தோறும் எழுதி மூடிவைத்த கணக்குப் புத்தகங்களே இன்று அவர் பெயரை நிலைநிறுத்துகின்றன.

எழுதிய நூல் ஒன்று ஓரிடத்தில் இருத்தல் மட்டும் போதாது. அதனை வேண்டுமென்று கேட்பார் ஒருவரும், இருக்குமிடம் அறிந்து எடுத்துக் கொடுப்பார் ஒருவரும் இல்லையாயின், அஃது எழுதப்படாத நூலுக்கே ஒப்பாகும். பூட்டிய அறைகளில் நூல்களை வைத்துக் கேட்போர்க்கு எடுத்துத் தரும் புத்தகசாலைகள் இக்காலத்திற் பல உள. அவற்றின் அருமையை உணர்த்தப் பிள்ளை அவர்களின் சுவடிகளைக் காட்டிலும் ஏற்ற உதாரணம் நம் நாட்டிற் காண்டல் அரிது. ஆதலின் பிள்ளையின் சரித்திரத்தை முன்னும், அவர் சுவடிகளின் சரித்திரத்தைப் பின்னுமாக ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் குடியும்

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை வணிகத்தில் தேர்ச்சி பெற்றவர். அவருடைய மைத்துனர் நைனியப்ப பிள்ளை அக்காலத்திற் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியாரின் தலைமைத் துபாஷியாக இருந்தார். அவர் அழைக்கவே திருவேங்கடம் பிள்ளையும் குடும்பத்தோடு புதுவைக்குக் குடிபெயர்ந்தார். வடக்கே பிறந்த குழந்தை தெற்கே வந்து வளர்ந்தமையால் புதுவைக்குப் பெரும்பேறு வாய்த்தது.

ஆயின் அக்குடும்பத்திற்கு விரைவிலேயே ஓர் இடி விழுந்தது. எபேர் என்னும் கவர்னர் 1716-இல் நைனியப்ப பிள்ளைமேற் குற்றஞ் சாட்டிச் சிறையிலிட்டார். விசாரணை முழுதும் அவர் அறியாத பிரெஞ்சு மொழியில் நடந்தது. சொத்து பறிமுதலாயிற்று, கசையடியும் விதிக்கப்பட்டது. 1717-இல் அவர் சிறையிலேயே உயிர் நீத்தார். அவர் குமாரர் குருவப்ப பிள்ளை கடல் கடந்து பாரிசுக்குச் சென்று முறையிட்டார். வழக்கின் காகிதங்கள் அங்கே மறுபடியும் ஆராயப்பட்டன, தீர்ப்பு மாற்றப்பட்டது. குருவப்ப பிள்ளை ஆங்குக் கிறிஸ்து சமயம் தழுவிச் செவாலியர் என்னும் விருதும் பெற்றுத் திரும்பித் தந்தை வகித்த பதவியையே வகித்து, 1724-இற் காலஞ்சென்றார்.

இந்நிகழ்ச்சிகள் நடந்தபோது ஆனந்தரங்கர் சிறுபிள்ளை. ஒரு மனிதனுடைய வாழ்வும் மானமும் காகிதத்தில் எழுதப்பட்ட எழுத்தினால் அழியவுங் கூடும், மீளவுங் கூடும் என்பதை அவர் தம் வீட்டிலேயே கண்டு வளர்ந்தார். பிற்காலத்தில் அவர் கண்டதையும் கேட்டதையும் தேதியிட்டு எழுதிவைக்கத் துணிந்ததற்கு இவ்விளமை அனுபவமும் ஒரு காரணமாயிருந்திருக்கும் என்று நாம் ஊகித்தல் தவறாகாது.

வணிகரும் துபாஷியும்

திருவேங்கடம் பிள்ளை 1726-இல் இறந்தார். அப்போது பிள்ளைக்கு வயது 17. கவர்னர் லெனுவார் அவருடைய கூர்மையை அறிந்து, பறங்கிப்பேட்டையிற் கும்பினியாருக்கு இருந்த தொழிற்சாலையை நடத்தும் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தார். பிள்ளை அதனைத் திறம்பட நடத்தியதோடு, ஆரணி, லாலாப்பேட்டை முதலிய உள்நாட்டு ஊர்களிலும் வியாபாரத்தைப் பரப்பினார். ஆனந்தப்புரவி என்ற பெயருடைய கப்பல் ஒன்றும் அவருக்குச் சொந்தமாயிருந்தது. செங்கற்பட்டைச் சேர்ந்த மங்கத்தாய் அம்மையை மணந்து இல்லறம் நடத்தினார்.

துபாஷி என்னுஞ் சொல் இரண்டு பாஷை அறிந்தவன் என்று பொருள்படும். எனினும் அவ்வுத்தியோகம் மொழிபெயர்ப்போடு முடிவதன்று. கும்பினியாருக்கு வேண்டிய துணிகளைக் குறித்த தவணையில் வரவழைத்தலும், நெசவாளர்க்கும் வர்த்தகர்க்கும் முன்பணம் பேசுதலும், நாட்டரசர்களின் கடிதங்களுக்கு மறுமொழி ஆயத்தஞ் செய்தலும், பட்டணத்துக் குடிகளின் வழக்குகளைக் கவர்னர் செவிக்கு எட்டவைத்தலும் ஆகிய இவையனைத்தும் துபாஷியின் தலையிலேயே விழும். பாரசீக மொழியில் வருங் கடிதங்களை மதனாநந்த பண்டிதர் வாசிக்க, அவற்றின் கருத்தைப் பிள்ளை கவர்னருக்கு உணர்த்துவார். கவர்னர் கேட்ட போது கேட்ட செய்தியைத் தாமதமின்றி எடுத்துரைப்பவனே நல்ல துபாஷி. பழைய கணக்கும் கடிதமும் எங்கே இருக்கின்றன என்பது அவன் விரல்நுனியில் இருத்தல் வேண்டும். இக்காலத்துப் புத்தகசாலையிற் கேட்ட நூலை எடுத்துத் தருவோருக்கு வேண்டிய நினைவாற்றலும் ஒழுங்கும் அக்காலத்துத் துபாஷிக்கும் வேண்டியிருந்தன என்று கூறினால் அது மிகையாகாது.

குருவப்ப பிள்ளைக்குப் பின் கனகராய முதலியார் நெடுங்காலம் தலைமைத் துபாஷியாக இருந்தார். அவர் 1746-இல் இறந்தபின் பிள்ளையே அப்பணிகளை ஆற்றத் தொடங்கிச் சிறிது காலத்திற் பதவியிலும் அமர்த்தப்பட்டார். அப்போது கவர்னராயிருந்தவர் டூப்ளே. அவர் 1742 முதல் 1754 வரை புதுவையை ஆண்டு, தென்னாட்டு அரசியலைக் கலக்கிய பெருந்தலைவர். அவருக்கு வலக்கை போன்று விளங்கியவர் பிள்ளையே. ஆயினும் டூப்ளேயின் மனைவியார் அரசாங்க விவகாரங்களிலே தலையிட்டமையால் பிள்ளைக்கு ஏற்பட்ட மனத்துன்பங்கள் பல. அவற்றையெல்லாம் அவர் தம் குறிப்பில் ஒளியாது எழுதியுள்ளார்.

முசபர்சங்கு என்னும் தக்காண சுபேதார் பிள்ளைக்கு மூவாயிரங் குதிரைக்குரிய மன்சப் விருதும் செங்கற்பட்டுக் கோட்டை ஜாகீரும் அளித்தார். கவர்னர் மாளிகை முற்றத்துட் பல்லக்கிற் செல்லவும், பொற்பூண் பிடித்த கைத்தடி கொள்ளவும் அவருக்கு உரிமை இருந்தது. திருவாரூர்த் தியாகராச தேசிகர் அவர்மேல் ஆனந்தரங்கன் கோவை பாடினார். சீனிவாச கவி வடமொழியில் ஆனந்தரங்க விஜய சம்பு இயற்றினார். கஸ்தூரி ரங்க கவி தெலுங்கில் ஒரு நூலை அவர் பெயராற் செய்தார். மூன்று மொழிப் புலவர்களும் ஒரு வணிகரைப் பாடினர் என்றால் அவருடைய கொடைத்திறம் இத்தகையது என்று நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நாள்தோறும் எழுதிய குறிப்பு

பிள்ளை தம் தினசரிக் குறிப்பை 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6-ஆம் நாள் தொடங்கினார். காதாற் கேட்டவை, கண்ணாற் கண்டவை, துறைமுகத்துக்குக் கப்பல் வந்தவை, போனவை ஆகியவற்றை எழுதுவதே அவர் கருத்து. முதற் பத்தாண்டுகளின் குறிப்பு இடையிட்டுச் செல்கின்றது. பதவியை அடைந்த காலந்தொட்டுப் பக்கம் பக்கமாக விரிகின்றது.

ஒவ்வொரு நாட்குறிப்பிலும் தமிழ் வருஷமும் மாதமும் தேதியும் ஆங்கில மாதத் தேதியும் கிழமையும் முன்னே நிற்கும். காலத்தை நாழிகைக் கணக்கிற் குறிப்பார். இன்ன கப்பல் இன்ன சரக்கோடு வந்தது, கோட்டையில் இத்தனை பீரங்கி மரியாதை செய்யப்பட்டது, இன்னார் வீட்டிற் பிள்ளை பிறந்தது, இன்ன குற்றத்திற்கு இன்ன தண்டனை விதிக்கப்பட்டது என்றெல்லாம் எழுதிச் செல்வார். வேலை நேரத்திற் கவர்னர் மாளிகையும், ஓய்ந்த நேரத்திற் பாக்குக் கிடங்கும் அவர் வீற்றிருந்து செய்தி சேகரிக்கும் இடங்கள். நடை புலவர் நடையன்று, வணிகர் நடை. தமிழோடு தெலுங்கும் பாரசீகமும் போர்ச்சுகீசும் பிரெஞ்சும் அதிற் கலந்து கிடக்கும். அக்காலத்துப் புதுவைத் தெருவில் நின்று கேட்டால் எவ்வகைப் பேச்சு நம் செவியில் விழுமோ அவ்வகைப் பேச்சே அச்சுவடியில் உள்ளது.

1746-இல் லபூர்தொனே சென்னையைக் கைப்பற்றியதும், அதனாலே அவர்க்கும் டூப்ளேக்கும் நேர்ந்த பெரும்பகையும் அதில் உள. 1748-இல் ஆங்கிலக் கடற்றளபதி பாஸ்கவன் புதுவையை முற்றுகையிட்டு, அக்டோபரில் முற்றுகை நீக்கிச் சென்ற வரலாறு நாள்வாரியாக உள்ளது. அம்முற்றுகைக் காலத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட செய்தியை நெஞ்சு புண்பட்டு எழுதியுள்ளார். 1754-இல் கொதே என்பார் வந்ததும், டூப்ளே பதவியிழந்து கப்பலேறியதும் காண்கிறோம். ஐரோப்பியர் எழுதிய சரித்திரங்கள் கவர்னரின் மேசையிலிருந்து எழுதப்பட்டவை. பிள்ளையின் குறிப்போ அம்மேசைக்கு எதிரே நின்ற தமிழர் ஒருவர் எழுதியது. இத்தகைய சாட்சி இக்காலப் பகுதிக்கு வேறொன்று இல்லை என்றே கூறலாம்.

இவ்வளவையும் அவர் எவருக்காக எழுதினார்? கவர்னரின் குணங்குற்றங்களும், அவர் மனைவியாரின் செயல்களும், உத்தியோகஸ்தர்களின் கைக்கூலியும் வெளிப்படையாக எழுதப்பட்ட அச்சுவடி அவர் வாழ்நாளிற் பகைவர் கையில் அகப்பட்டிருக்குமாயின் அவர் கதி நைனியப்ப பிள்ளையின் கதியாகவே முடிந்திருக்கும். ஆதலின் அதனை மறைத்தே வைத்திருத்தல் வேண்டும். தமக்காகவும் தம் குடும்பத்தாருக்காகவுமே எழுதினார் என்று கொள்வதே பொருத்தம்.

இறுதிக் காலம்

டூப்ளே சென்றபின் பிள்ளையின் செல்வாக்குக் குறைந்தது, உடல்நலமும் கெட்டது. 1756-இற் பதவியை இழந்தார். அதே ஆண்டில் மங்கத்தாய் அம்மையும் மறைந்தார். 1758-இல் லாலி என்னுஞ் சேனாதிபதி வந்து, பொருளும் படையுமின்றிப் பெரும்போர் தொடுத்தார். 1760 ஜனவரியில் வந்தவாசியிற் பிரெஞ்சுக்காரர் தோற்றனர். ஆங்கிலப் படை புதுவையைச் சூழ்ந்தது. பட்டணத்தார் பஞ்சத்தில் வாடினர். நோயாற் படுத்த படுக்கையிலும் பிள்ளை குறிப்பெழுதுவதை விட்டாரல்லர். 1761 ஜனவரி 16-ஆம் நாள் பட்டணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்த ஜனவரியிலேயே பிள்ளையின் ஆயுளும் முடிந்தது. அவருக்கு வயது 51.

வெற்றி பெற்றோர் கோட்டையையும் கவர்னர் மாளிகையையும் தகர்த்துத் தரைமட்டமாக்கினர். எந்த மாளிகையின் முற்றத்திற் பல்லக்கில் ஏறிச்செல்லும் உரிமையைப் பிள்ளை பெருமையாகக் கருதினாரோ அம்மாளிகை மறைந்தது. தமிழர் வாழ்ந்த பகுதியிலிருந்த அவர் இல்லம் தப்பியது. அதனுள்ளிருந்த சுவடிகளும் தப்பின. அவருடைய தமையன்முறை, தம்பிமுறைச் சந்ததியில் வந்தோர் சிலர் அவரைப் பின்பற்றிச் சில ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதியும் வந்தனர்.

கேட்டவர் வந்தார்

பிள்ளை இறந்து 85 ஆண்டுகள் கடந்தன. அவ்வளவு காலமும் அச்சுவடிகள் குடும்பத்தார் வீட்டிலே கிடந்தன. அவற்றுக்கு அட்டவணை இல்லை; எத்தனை புத்தகம் என்ற கணக்கும் வெளியார் எவர்க்குந் தெரியாது. குடும்பத்தார் அவற்றைக் கடையில் எடைக்குப் போடாமல் வைத்திருந்தமைக்காகவே நாம் அவர்களுக்கு நன்றி செலுத்தக் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் வைத்திருத்தல் வேறு, பயன்படுத்தல் வேறு. கரையான் அறியும் சுவடியை அறிஞர் அறியவில்லை.

1846-இல் அர்மான் கலுவா மோம்பிரன் என்னும் புதுவைப் பிரெஞ்சுக்காரர் இவற்றைக் குறித்து விசாரித்து, குடும்பத்தாரிடம் கேட்டு, வெளிச்சத்துக்குக் கொணர்ந்தார். அவர் தமக்கென ஒரு படியெடுத்துக்கொண்டார். 1849-இல் பிள்ளையின் வாழ்க்கையையும் சுவடியின் தன்மையையும் விளக்கிப் பிரெஞ்சு மொழியில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அக்காலத்தில் எதுவார் அரியேல் என்ற மற்றொரு பிரெஞ்சு அதிகாரியும் புதுவையில் இருந்தார். திருக்குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர் இவர். தமிழ்ச் சுவடிகள் எங்கிருப்பினும் தேடிச் சேர்ப்பது இவர் வழக்கம். பிள்ளையின் குறிப்பையும் படியெடுப்பித்துக்கொண்டார். 1854-இல் முப்பத்தாறு வயதளவில் இவர் புதுவையிலேயே இறந்தார். இவர் தொகுத்த சுவடிகள் பாரிசு நகரத்துத் தேசியப் புத்தகசாலையைச் சென்று சேர்ந்தன.

இங்கே நம் மாணவ நண்பர்கள் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். புதுவையில் ஒரு தமிழர் வீட்டிலிருந்த நூலின் படி ஏழு கடல் தாண்டிப் பாரிசில் பூட்டிய அறைக்குள் சென்றது. இது வருந்தத்தக்கதா, மகிழத்தக்கதா? வருத்தத்திற்கு இடம் உண்டு. நம்முடையதை நாம் கேளாதபோது பிறர் கேட்டுக் கொண்டுபோயினர். ஆயின் மூலச்சுவடிகளுட் பல பிற்காலத்தில் எங்கே சென்றன என்று அறியப்படாமல் மறைந்தமையைக் காணும்போது, அந்தப் படிகள் எடுக்கப்பட்டதே நம் நல்வினை என்று தோன்றுகின்றது. அட்டவணையில் ஏறி எண்ணிடப்பட்டு அடுக்கில் வைக்கப்பட்ட படி நின்றது. அட்டவணையின்றி அன்பினால் மட்டும் காக்கப்பட்ட மூலம் சிதறிற்று.

கேட்டவர்கள் பின்னும் வந்தனர். 1870-இல் லோத் என்பார் 1748-ஆம் ஆண்டு முற்றுகைப் பகுதியைப் பிரெஞ்சில் வெளியிட்டார். இளமையை நம் தமிழ்நாட்டுப் பிரெஞ்சு ஊர்களிற் கழித்துப் பாரிசில் தமிழாசிரியராக விளங்கிய ஜூலியன் வின்சோன் 1894-இல் 1736 முதல் 1748 வரையுள்ள பகுதிகளிற் சிலவற்றை மொழிபெயர்த்து அச்சிட்டார். 1892 முதல் சென்னை அரசாங்கத்தாரும் புதுவையிலுள்ள சுவடிகளுக்குப் படியெடுக்க ஏற்பாடு செய்தனர். அப்படியைக் கொண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு 1904-இல் தொடங்கி 1928-இல் பன்னிரண்டு சம்புடங்களாக நிறைவெய்தியது. முதற் பகுதிகளைப் பிரைஸ் துரையும் ரங்காச்சாரியாரும், பிற்பகுதிகளை டாட்வெல் துரையும் பதிப்பித்தனர்.

தமிழர் ஒருவர் தமிழில் எழுதிய நூல், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அச்சேறிய பின்னரே தமிழில் அச்சேறிற்று. 1948-இற்றான் புதுவையில் தமிழ் மூலத்தின் முதற் சம்புடம் வெளிவந்தது. ஞானு தியாகு அவர்கள் இம்முயற்சிக்குத் துணைநின்றார். பின்வந்த ஆண்டுகளிற் சம்புடங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. 2019-இல் ராஜேந்திரனும் வெண்ணிலாவும் பன்னிரண்டு தொகுதிகளாக அதனைப் பதிப்பித்தனர். பாரிசுத் தேசியப் புத்தகசாலையிற் கேட்டுப் பெற்ற சுவடிகளினின்று, பிள்ளைக்குப் பிற்காலத்தவரான இரண்டாம் வீரா நாயக்கரின் நாட்குறிப்பை ஒர்சே கோபாலகிருஷ்ணன் 1992-இல் வெளிப்படுத்தினார். புதுவை எழுத்தாளர் பிரபஞ்சன் பிள்ளையின் குறிப்பினை அடிப்படையாகக் கொண்டு புனைந்த வானம் வசப்படும் என்னும் நாவல் 1995-ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றது. ஒரு சுவடியை ஒருவர் கேட்டமையால் விளைந்த விளைவு எத்துணை தூரம் செல்கின்றது பாருங்கள்.

மூடிய அடுக்கும் எடுத்துத் தருவோரும்

புத்தகசாலைகள் இருவகை. வாசகர் தாமே அடுக்கருகிற் சென்று தேர்ந்துகொள்ள இடந்தருவது ஒருவகை. அடுக்குகளை உள்ளறையில் வைத்துப் பூட்டி, வேண்டிய நூலைச் சீட்டெழுதிக் கேட்பிப்பது மற்றொரு வகை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று, 1924-இற் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் புத்தகசாலைத் தலைவராய் அமர்ந்த சீர்காழி ரங்கநாதன் அவர்கள் முதல் வகையையே பெரிதும் போற்றினார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் வாசகரின் காலத்தைப் பேணவேண்டும் என்பதும் ஒன்று. கதை நூல்களுக்கும் பாட நூல்களுக்கும் அவர் கூறியதே நெறி.

எனினும் ஓலைச்சுவடிக்கும் ஒற்றைப் படியாயுள்ள காகிதச் சுவடிக்கும் இந்நெறி ஒவ்வாது. பலர் கைபட்டால் ஓலை முறியும், காகிதம் பொடியும், இடம் மாறிய ஒரு கட்டு இழந்த கட்டுக்கு ஒப்பாகும். ஆதலின் பாரிசிலும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இத்தகையவை மூடிய அடுக்கிலேயே வைக்கப்படுகின்றன. புதுவையிலும் 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிக் கட்டுகளைக் காத்து வருகின்றது. ஆங்குள்ள சைவ சித்தாந்தச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

இங்கெல்லாம் நூல் பெறும் முறை எளிதே. வாசகர் முதலில் அட்டவணையைப் பார்த்து நூலின் எண்ணைக் கண்டறிதல் வேண்டும். அவ்வெண்ணையும் தம் பெயரையும் தேதியையும் சீட்டில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். சிப்பந்தி அச்சீட்டோடு உள்ளே சென்று, எண் பார்த்து அடுக்கினை அடைந்து, எடுத்த இடத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு நூலைக் கொணர்வார். வாசகர் கையொப்பமிட்டுப் பெற்று, ஆங்கேயே இருந்து படித்து, பென்சிலாற் குறிப்பெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பார். திரும்பிய நூல் அடையாளம் வைத்த அதே இடத்திற்குச் செல்லும்.

இம்முறையிற் புகழ் பெறுவோர் ஆராய்ச்சியாளரே. உள்ளே நடந்து, ஏணியிலேறி, தூசு தட்டி எடுத்து வருவோரை எந்த முன்னுரையும் பெரும்பாலும் குறிப்பதில்லை. ஆயின் அவர் ஓர் எண்ணைத் தவறாகப் படித்து வேறு கட்டைக் கொணர்ந்தால் வாசகரின் ஒருநாள் வீண். அவர் திரும்பிய கட்டைத் தவறான இடத்தில் வைத்தால் ஒரு நூற்றாண்டே வீணாகலாம். பூட்டிய அறையினுள் வாசகர் சென்று தேட இயலாதாகலின், அவர் தம் கண்களைச் சிப்பந்தியினிடம் ஒப்படைக்கின்றார். இது பெரிய நம்பிக்கை. கவர்னர் துபாஷியினிடம் வைத்த நம்பிக்கையை ஒத்தது. இருவரும் ஒரு மொழியில் கேட்கப்பட்டதை மற்றொரு மொழியிடத்துச் சென்று கொணர்பவர்களே.

முடிவுரை

ஆனந்தரங்கப் பிள்ளையின் சரித்திரத்தினின்று நாம் கொள்ளத்தக்க படிப்பினைகள் மூன்று என்று தோன்றுகின்றது. முதலாவது, கண்டதைக் கண்டவாறே தேதியிட்டு எழுதும் பழக்கம். பிள்ளை புலவரல்லர், ஆயினும் இருபத்துநான்கு ஆண்டுகள் கைவிடாது எழுதியமையாற் புலவர் பலரினும் நெடிது வாழ்கின்றார். இரண்டாவது, எழுதியதை எண்ணிட்டு வைத்தல். அவர் சுவடிகளுக்கு ஆதியிலேயே ஓர் அட்டவணை இருந்திருக்குமாயின் இன்று விட்டுப்போயிருக்கும் நாட்களுட் பல நமக்குக் கிடைத்திருக்கும். அந்நாட்களில் புதுவைத் துறையில் எந்தக் கப்பல் நின்றதோ, எந்த ஏழையின் வழக்குத் தீர்ந்ததோ, இனி எவரும் அறியார்.

மூன்றாவது படிப்பினை மாணவராகிய நமக்கே உரியது. அது கேட்டல். மூடிய அடுக்கு கேளாதவனுக்கு மட்டுமே மூடியது. சீட்டெழுதும் கை நீளும்போது அக்கதவு திறக்கின்றது. நம் ஊர்களிலே பழைய வீடுகளின் பரண்களிலும், கோயில் அறைகளிலும், பள்ளிகளின் பழைய பெட்டிகளிலும் கேட்பாரின்றிக் கிடக்குங் கணக்குகளும் கடிதங்களும் இன்னும் எத்தனையோ. 85 ஆண்டு கழிந்து ஓர் அயல்நாட்டார் வந்து கேட்கும்வரை அவை காத்திருக்க வேண்டுவதில்லை. விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள் தத்தம் வீட்டுப் பெரியோரிடம் பணிவோடு கேட்டு, கிடைத்தவற்றைத் தூசு தட்டி, இன்னது இன்னவிடத்தில் உள்ளது என்று ஒரு தாளில் எழுதி வைப்பாராயின், அத்தாளே ஒரு புத்தகசாலையின் முதல் ஏடாகும். பின்வருவோர் கேட்கும்போது எடுத்துக் கொடுக்க அஃது உதவும்.